மரோட்டிக் கசப்பு

1928 ஜூன் 11, திங்கள்

காலையிலிருந்து சாரல். லேஸ் கூடத்தில் ஜன்னல்களைப் பாதி சாத்திவைத்து வேலை செய்தோம். கப்பலுக்குப் போகவேண்டிய மேசை விரிப்பில் ஒரு பக்கத்துக் கரை இன்னும் பாக்கி. கூடத்தை நடத்துகிற வெள்ளைக்கார மிசியம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அவர்கள் சொல்லாமல் போவதுதான் எனக்குப் பயம்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பூவிளிம்பில் நூலைத் திருப்பும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த இசபெல், "அக்கா, ரெத்தம்" என்றாள்.

லேஸ் பின்னுகிற திண்டின் மேல் வெள்ளை நூலில் சிவப்புப் பொட்டு. குண்டூசி ஒன்று என் இடது சுண்டுவிரலில் பாதி ஏறி நிற்கிறது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வலிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியல்லியா?" என்று கேட்டாள். வேலை மும்முரம் என்றேன். ஊசியைப் பிடுங்கும்போது வலித்ததுபோல முகத்தைச் சுளித்துக் காட்டினேன். எதற்கு அப்படிச் செய்தேன்?

ஜூன் 12

கதவைச் சாத்திக்கொண்டு ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தேன். சுண்டுவிரல், மோதிரவிரல், அங்கிருந்து கையின் ஓரமாக முழங்கை வரைக்கும் — கட்டையைக் குத்துவதுபோல இருக்கிறது. முழங்கைக்குப் பின்னால் ஒரு வெளுத்த படை. தேமல் என்று நினைத்துத்தான் சித்திரையிலிருந்து தேங்காயெண்ணெய் தடவி வந்தேன். அந்த இடத்தில் மட்டும் வேர்ப்பதில்லை. இதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அந்தப் பேரை இங்கே எழுதமாட்டேன்.

ஜூன் 16, சனி

அவர் ஆரல்வாய்மொழியிலிருந்து வந்தார். அங்கே சுங்கச் சவுக்கையில் குமஸ்தா வேலை. எல்லை தாண்டிப் போகிற சரக்குக்கெல்லாம் இவர்தான் சீட்டு எழுதவேண்டும். கிழமை முழுதும் அங்கேயே தங்கல், சனிக்கிழமை சாயங்காலம் வீடு. தலைமுடியெல்லாம் அந்த ஊர்க் காற்றின் புழுதி. ஜெபாவைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார். பிள்ளைக்கு இந்தக் கார்த்திகையில் ஐந்து முடியும்.

முழங்கை மறைய நீளக்கை ஜம்பர் போட்டிருந்தேன். "இந்தப் புழுக்கத்துலயா?" என்றார் லீலா மைனி. மைனி அவருடைய அக்கா, விதவை, எங்களோடுதான் இருக்கிறார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

என் பிறந்த ஊரில் பொன்னுலிங்கம் என்று ஒரு தையல்காரர் இருந்தார். பேர் சொன்னால் தெரியும், நல்ல தையல். அவருக்குக் காதுமடல் தடித்தபோது ஊர் அவரை வயலுக்கு அப்பால் ஒரு குடிசையில் கொண்டுபோய் வைத்தது. அவர் தைத்த துணிகளையெல்லாம் குவித்து எரித்தார்கள். என் பாவாடையும் அதில் போயிற்று. அன்று அழுதது பாவாடைக்காக.

ஜூன் 27, புதன்

தக்கலைக்குப் போனேன். கிராமங்களில் வீட்டிலிருந்து லேஸ் பின்னுகிறவர்களுக்கு நூல் கொடுத்து, பின்னியதை வாங்கிவருவது என் பொறுப்பு. அதனால் வெளியே போகக் காரணம் தேடவேண்டியதில்லை. டாக்டர் கிருஷ்ணமணி சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி நடத்துகிறார். புதன்கிழமை பின்பக்கத்து வாசல் வழியாக இந்த வியாதிக்காரர்களைப் பார்க்கிறார் என்று நூல் வாங்க வந்த ஒருத்தி வேறு யாரையோ பற்றிப் பேசும்போது சொன்னாள். அவள் பேச்சுவாக்கில் சொன்னதை நான் பிடித்துவைத்துக்கொண்டேன்.

டாக்டர் என் கண்ணைக் கட்டிவிட்டுக் கோழி இறகால் கையைத் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லவேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லையே, இன்னும் ஆரம்பிக்கவில்லையோ என்று நினைத்தேன். கட்டை அவிழ்த்தபோது இறகு என் முழங்கை மேல்தான் இருந்தது.

முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து, "நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கும்மா" என்றார்.

அந்தப் பேரை அவரே சொன்னார். பெருவியாதி. குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

"தொடக்கம்தான். காலத்தோட வந்திருக்கீங்க."

எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்றேன்.

"உங்களுக்கு வந்திருக்கது சட்டுனு பரவுற வகையா தெரியல்ல. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் பிள்ளைய வேற பாயில படுக்கப் போடுங்க. மரோட்டி எண்ணெய் ஊசி உண்டு. வாராவாரம் வரணும். வருசக்கணக்கா வரணும்."

வரும் வழியில் மோட்டார் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கிழவி வந்து உட்கார்ந்தாள். எழுந்து நின்றுகொண்டேன்.

ஜூன் 28

ஜெபாவை மைனி பாயில் போட்டேன். இருமல் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். பிறகு இருமிக் காட்டவேண்டியதாயிற்று.

ஜூலை 4, புதன்

முதல் ஊசி. எண்ணெய் கட்டியாக, தேன்போல. உள்ளே போகும்போது நெருப்பு. மரத்துப்போன கையைக் கண்டு பயந்து வந்தவளுக்கு இடுப்பில் இப்படி ஒரு வலி.

பின்வாசல் பெஞ்சில் குளச்சல்காரி ஒருத்தி இருந்தாள். செசிலி. தலைச்சுமட்டில் மீன் கொண்டுவந்து தக்கலையில் விற்றுவிட்டு, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு ஊசிக்கு உட்காருகிறாள். ஒரு பாதத்தில் துணி சுற்றியிருந்தது. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"மொதத் தடவையா மக்கா? நகர்ந்து இருக்காண்டாம். எனக்கும் அதே தீனம்தான், ஒட்டினா என்ன புதுசா ஒட்டப்போவுது?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. அவள் மீன் விற்கிறாளே, வாங்கிப்போனவர்களுக்குத் தெரியுமா என்று மனதுக்குள் கேட்டேன். அப்புறம் உறைத்தது — என் லேஸை வாங்குகிறவர்களுக்கு?

"மலையில இந்த மரோட்டிப் பழத்த இடிச்சி ஆத்துல போட்டா மீனெல்லாம் மயங்கி மலந்துரும். அந்த விஷத்தத்தான் நமக்குக் குத்துதாவ" என்றாள். "மீனுக்கு ஆகாதது நமக்கு ஆவும்போல."

ஜூலை 6

காய்ச்சல். ஊசி போட்ட இடம் கல்லாக இருக்கிறது. கூடத்துக்குப் போகவில்லை. மைனி சுக்குக் காப்பி கொண்டுவந்து வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வராதீர்கள் என்று நான்தான் சொன்னேன்.

ஜூலை 21, சனி

சண்டை. பிள்ளை முன்னால்.

நான் அவர் பக்கத்தில் போவதில்லை, தனியாகப் படுக்கிறேன், ஜெபா மடியில் ஏறினால் இறக்கிவிடுகிறேன் — எல்லாம் பார்த்திருக்கிறார். "ஏட்டி, உனக்கு என்ன வந்துட்டு? நான் என்ன செய்தேன்னு சொல்லு" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "ஒண்ணும் இல்லாமலா பெத்த பிள்ளயத் தட்டி விடுவா ஒருத்தி?"

ஜெபா கையைப் பிடிக்க வந்தாள். அந்தக் கையை. சீ, போ அங்கே என்று கத்திவிட்டேன். பிள்ளை மைனி முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன நடக்கும்? அவரை எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பொன்னுலிங்கத்தின் பெண்டாட்டிக்கும் அவர் தம்பிமாருக்கும் அவரைத் தெரியாமலா இருந்தது? மனம் பதைத்து வெப்ராளமாக வருகிறது. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 8, புதன்

ஊசி போட்ட இடம் பழுத்துவிட்டது. டாக்டர் கீறி விட்டார். செசிலிக்கும் அப்படியே. அவளுக்கு இரண்டு இடத்தில். பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து நின்றாள்.

டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, மேசை மேல் டக்கென்று வைத்தார். "காறிப்போன எண்ணெய். நம்ம மலையில காய்க்கிற கொட்டை எங்கயோ போய், எண்ணெயாகி, எத்தனையோ மாசம் கெடந்துட்டுத் திரும்பி நம்மகிட்டயே வருது. பழசானா ஒடம்பு தாங்காது. புதுசா ஆட்டின எண்ணெய் இருந்தா இந்தப் பாடு இல்ல."

மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு கொட்டைகளை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறம், மூலைமூலையாக, கல்லைப்போலக் கடினம். பாக்கு உடைக்கிறதுபோல ஒன்றை உடைத்து நாக்கு நுனியில் வைக்கச் சொன்னார். கசப்பு என்று சொல்ல முடியாது, குமட்டல். இரண்டு கொட்டையும் ஒரு வருஷமாக அங்கேதான் கிடக்கிறதாம். இழுப்பறையின் அடிப்பலகையைச் செல் அரித்திருக்கிறது, கொட்டையைத் தொடவில்லை.

"இதெல்லாம் கடவுள் நமக்காக வச்ச மருந்து இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். சும்மா, ஏதாவது பேசவேண்டும் என்று.

"கடவுளப் பத்தி உங்க குருவானவர்ட்ட கேளுங்க. மரத்தப் பத்தின்னா, அதுக்கு நம்ம நெனப்பே கெடையாது. ஓட முடியாது, கை ஓங்க முடியாது. தின்ன வாறதுகிட்டருந்து விதையக் காப்பாத்தணும். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாத ஒண்ண உள்ள வச்சிருக்கு. நம்ம ஒடம்புல இருக்குற கிருமிக்கும் அது ஆகாதுன்னு நம்புறோம். எப்படின்னு கேட்டா எனக்குத் தெரியாதும்மா. சிலபேருக்கு அடங்குது. சிலபேருக்கு இல்ல."

சிலபேருக்கு இல்ல. மோட்டாரில் வரும்போது இதுதான் காதில்.

ஆகஸ்ட் 9

கொல்லையில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எருக்கை ஒடித்தால் பால் வடிகிறது. பக்கத்து வீட்டு ஆடு வேலியில் எல்லாவற்றையும் மேய்ந்திருக்கிறது, எருக்கை விட்டுவிட்டது. அரளி. ஊமத்தை. கிணற்றடி வேம்பு. இதையெல்லாம் மருந்துச்செடி என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனதன் பங்குக்கு எல்லாம் கிட்டே வராதே என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. அளவு தெரிந்து எடுத்தால் நமக்கு மருந்து. தவறினால் அதற்கு நாமும் ஆடும் ஒன்று.

நானும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறேன். யாரும் கிட்டே வரக்கூடாது என்று வாயில் கசப்பை வைத்துக்கொண்டு. ஜெபா இரண்டு நாளாக என்னைக் கேட்பதில்லை. அதுதானே வேண்டும் என்று நினைத்தேன்? அப்படியானால் இது ஏன் இப்படி அறுக்கிறது?

ஆகஸ்ட் 25, சனி

தெரிந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து, மைனி ஜெபாவைக் கூட்டிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் போன பிறகு சொன்னார்: "வியாழக்கிழமை சவுக்கையில ஒரு மூட்டை பொட்டிப்போச்சு. மரோட்டிக் கொட்டை. தூத்துக்குடிக்குப் போற வண்டி. சக்கரம் ஏறி நசுங்கி, சவம் மாதிரி நாத்தம். கைய எம்புட்டுக் கழுவினாலும் போகல்ல."

நான் இலையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மணம் எனக்கு எங்கருந்து பழக்கம்னு ரெண்டு நாளா யோசனை. இன்னைக்கு வந்து துணிப்பெட்டியத் தெறந்தேன். உனக்க ஜம்பர்லயெல்லாம் இருக்கு." பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். "வண்டிக்காரன்ட்ட எதுக்குள்ள எண்ணெயின்னு கேட்டிருந்தேன். விளக்குக்கு, மாட்டுச் சொறிக்குன்னான். பெறவு பக்கத்துல வந்து, பெருவியாதிக்குன்னும் சொன்னான். ராஜம், நம்ம வீட்டுல மாடு கெடையாது."

கையை மடித்துக் காட்டினேன். பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

"எம்புட்டு நாளா? ஆருட்ட காட்டின?"

சொன்னேன்.

"ஜெபாவுக்கு?"

இல்லை, தெரியாது, பார்த்தவரைக்கும் இல்லை என்று என்னென்னவோ உளறினேன். எழுந்து வெளியே போனார். முற்றத்தில் நிற்கிறார். மழை தூறுகிறது. உள்ளே வரவில்லை.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

ஆராதனைக்குச் சேர்ந்தே போனோம். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். எல்லாரையும்போல. மத்தியானமே ஆரல்வாய்மொழிக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது ஜெபாவை உள்ளே கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றி முதுகு, கை, கால் எல்லாம் பார்த்தார்.

செப்டம்பர் 1, சனி

வரவில்லை.

செப்டம்பர் 8, சனி

இன்றும் வரவில்லை. கடைசி மோட்டாரும் போய்விட்டது. "என்னத்துக்கு அவன் வரல்ல? உங்களுக்குள்ள என்ன?" என்று மைனி கேட்டார். சரக்கு அதிகம் என்றேன்.

அவர் வராமலே போனால்? ஜெபாவை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அது சரிதான் என்று ஒரு மனம் சொல்கிறது. சரிதான், சரிதான் என்று இருபது தடவை சொல்லிப் பார்த்தேன்.

செப்டம்பர் 13, வியாழன்

கூடத்திலிருந்து வரும்போது வாசலில் ஒற்றைமாட்டு வண்டி. வண்டியில் ஒரு சாக்கு. அவர் காலில் முட்டுக்குக் கீழே எல்லாம் அட்டை கடித்த தழும்பு. மணம் தெருவரைக்கும் வந்துவிட்டது.

"கீரிப்பாறைக்கு மேல போனேன்" என்றார். "ஆத்தோரமா நிக்குது மரம். பழம் வெள்ளத்துல விழுந்து கெடக்கு. கல்லிடுக்குல மீன் செத்து மெதக்கு. மலையில உள்ள காணிக்காரங்க ரெண்டுபேரு பொறுக்கித் தந்தாங்க."

எதற்கு என்று கேட்டேன். எதற்கு என்று தெரிந்தே கேட்டேன்.

"உனக்க டாக்டரப் போய்ப் பாத்தேன். புது எண்ணெய் இருந்தா கொள்ளாம், நல்லதுன்னாரு."

வாசலிலேயே நின்று அழுதேன். இரண்டு சனிக்கிழமை வரவில்லையே என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "மொதச் சனி பயந்துதான் வரல்ல. அதை மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. மோட்டார் நிக்கிற எடத்துக்கு வந்துட்டு, ஏறாமத் திரும்பிப் போனேன். ரெண்டாவது சனி மலையில நின்னேன்." பிறகு, "இப்பவும் பயம்தான் ராஜம்" என்றார்.

இந்தக் கடைசிப் பேச்சை அவர் சொல்லாமலிருந்தால் முன்னால் சொன்னதை நான் நம்பியிருக்கமாட்டேன்.

செப்டம்பர் 17

செக்குக்காரன் முடியாது என்று சொல்லிவிட்டான். இதை ஆட்டினால் அப்புறம் செக்கில் தேங்காய் போட முடியாதாம். வீட்டிலேயே இடித்துப் பிழிவது என்று ஆயிற்று. அதனால் மைனிக்குச் சொல்லவேண்டியும் வந்தது. என் வீட்டுக்காரர்தான் சொன்னார். மைனி கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொட்டைகளை முற்றத்தில் காயப்போட்டிருக்கிறோம். கருப்பட்டித் துண்டு விழுந்தால் ஒரு நொடியில் மொய்க்கிற எறும்பு, சாக்கைச் சுற்றிக்கொண்டு போகிறது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னதுக்கு இது?" என்றாள். விளக்குக்கு என்றேன்.

செப்டம்பர் 20

மைனி வெளியே வந்தார். உலக்கையை என் கையிலிருந்து வாங்கி இடிக்கத் தொடங்கினார். பருப்பைத் துணியில் கட்டி, பலகைக்கு நடுவில் வைத்து, அம்மிக்கல்லை ஏற்றி அவரும் நானும் அழுத்தினோம். இளமஞ்சளாக, மெதுவாக இறங்கியது. கிண்ணத்தின் அடி மறைந்தபோது மைனி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணு மாசமா ஒத்தைக்கு இத வச்சிட்டு இருந்தியாட்டி?" என்றார்.

தனித்தட்டு எடுத்துவைத்தார் எனக்கு. அதுவும் எழுதவேண்டும். தட்டு தனி, உலக்கை ஒன்று.

அக்டோபர் 3, புதன்

எங்கள் எண்ணெயை டாக்டர் காய்ச்சி வடித்து மருந்து கலந்து போட்டார். வலித்தது. காய்ச்சல் இல்லை. செசிலி வரவில்லை. போன புதனும் இல்லை.

அக்டோபர் 24, புதன்

இன்றும் பெஞ்சில் அவள் இடம் காலி. சந்தையில் குளச்சல் மீன்காரி ஒருத்தியிடம் கேட்டேன். கூடையை இறக்காமலே சொன்னாள்: ஊசிப் புண் ஆறாமல் ஊரெல்லாம் தெரிந்துபோயிற்று, மீன் எடுக்க விடுவதில்லை, புருஷனுடைய ஆட்கள் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஓலைக் குடிசை கட்டி அதில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

காறிப்போன எண்ணெய் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எனக்கு மலைக்குப் போக ஆள் இருந்தது.

நவம்பர் 12, திங்கள்

மிசியம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். என் பூவிளிம்பு கோணுகிறது என்று காட்டினார்கள். கோணத்தான் செய்கிறது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்க ஆரம்பித்துவிட்டன, நூல்கட்டைகள் நழுவுகின்றன. "உனக்குக் கையில் என்ன?" என்றார்கள்.

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. வாயில் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

அழுதார்கள். என் பக்கத்தில் வந்து நின்று ஜெபம் செய்தார்கள். பிறகு, "ராஜபாய், நம்முடைய லேஸ் தூரதேசத்து வீடுகளுக்குப் போகிறது. நீ இனி அதைத் தொடக்கூடாது" என்றார்கள்.

நூல்கணக்கை ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது கொல்லையில் புகை. என் திண்டு. வைக்கோல் அடைத்தது, உடனே பிடித்துக்கொண்டது. இசபெல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஒரு எட்டு முன்னால் வைத்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

பதினான்கு வயதிலிருந்து செய்த வேலை.

நவம்பர் 14

இனி மறைக்க என்ன இருக்கிறது? நேற்று முழுதும் படுத்தே கிடந்தேன். இன்று எழுந்ததும் முதலில் செசிலி ஞாபகம்.

நவம்பர் 21, புதன்

குளச்சலுக்குப் போனேன். இதுவரை அந்தக் கடற்கரையில் கால் வைத்ததில்லை. மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. செசிலியின் வீடு எது என்று கேட்டதும் ஏலம் கூறுகிறவனே வாயை மூடிக்கொண்டான்.

குடிசை தோப்பின் கடைசியில். செசிலி பாதி ஆகியிருந்தாள். சிரிப்பு மட்டும் இருந்தது. "நீ எதுக்கு மக்கா இங்க வந்தே? ஆரும் பாத்துரப் போறாவ."

புது எண்ணெய் இருக்கிறது, வா என்றேன்.

"எனக்கு வேண்டாம். அந்த ஊசியாலதான் எல்லாம் போச்சு. அதுக்கு மொத நானும் ஒரு மனுசியாட்டு கூடை தூக்கிட்டு இருந்தேன்லா?"

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவளுடைய புருஷனின் தமக்கை, கழுத்தில் செபமாலை, "இவ ஆரு? இவளுக்கு எங்க வீட்டுல என்ன சோலி?" என்று சத்தம் போட்டாள்.

ஜம்பர்க் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன். "எனக்கும் அதே தீனம்தான். அதே பெஞ்சிலதான் நானும் இருக்கேன். இவளுக்குப் புண்ணு வந்தது வியாதியால இல்ல, எண்ணெய் பழசு. இப்ப உள்ளது எங்க முற்றத்துல நாங்களே பிழிஞ்சது. என் வீட்டுக்காரரு மலையில போய்க் கொண்டுவந்தாரு."

எல்லாரும் பின்னுக்கு நகர்ந்தார்கள். தோப்பில் ஒரு பெரிய வட்டம், நடுவில் நானும் செசிலியும். என் வாழ்க்கையில் அத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை.

வட்டத்துக்குள் ஒருவர் வந்தார். இடுப்பில் ஈர வேட்டி, வலை மணம். சிலுவைமுத்து, அவள் புருஷன். அவளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "போனா அடங்குமா?"

"சிலபேருக்கு அடங்கும்னாரு டாக்டர்."

ஈர வேட்டியை மடித்துக் கட்டினார். "அடுத்த பொதன் நான் கூட்டிட்டு வாறேன்" என்றார். அவர் வாயால் சொன்னதுதான். நம்பலாமா?

நவம்பர் 28, புதன்

மோட்டார் மோட்டாராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிலும் இல்லை. டாக்டர் கையைக் கழுவிவிட்டுப் பின்வாசலைச் சாத்தப் போனார். அப்போது வந்தார்கள். செசிலி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதத்துணியெல்லாம் செம்மண். மோட்டார்க்காரன் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டானாம். குளச்சலிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள்.

1929 பெப்ருவரி 6, புதன்

டாக்டர் கண்ணைக் கட்டி இறகால் தொட்டார். படையின் ஓரத்தில் ஏதோ ஊர்ந்தது. என் ஆசைதான் அப்படித் தோன்றவைக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை. மறுபடி ஊர்ந்தது. "இப்ப" என்றேன். "இப்ப."

டாக்டர் இறகை மேசை மேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

ஜெபாவையும் கொண்டுபோயிருந்தேன். உடம்பெல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கொண்டுவாங்க" என்றார். அப்படியானால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நான் செத்துப் பிழைக்கவேண்டும்.

பெப்ருவரி 7

விரல்கள் நிமிராது என்றும் சொன்னார். நேற்று அதை எழுத மறந்தேன். மறக்கவில்லை.

ஜூலை 19

பக்கத்து வீட்டுக்காரி இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் தனக்குத் தனிக்கயிறு போட்டுவிட்டாள். மைனி அவளோடு சண்டைக்குப் போய், திரும்பி வந்து, என் தனித்தட்டை எடுத்து அலமாரியில் மற்றத் தட்டுகளோடு அடுக்கிவைத்தார். எனக்குக் காட்டவேண்டும் என்று செய்யவில்லை, கோபத்தில் செய்தார்.

செப்டம்பர் 30

இந்த வருஷமும் கொட்டை வந்தது. மூன்று சாக்கு. புதன்கிழமை பெஞ்சில் இப்போது இடம் போதவில்லை. டாக்டர் என்னைக் கூடவே இருக்கச் சொல்கிறார்; புதிதாக வருகிறவர்கள் அவரிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறார்கள். பாதிப்பேர் என்னைப்போல வீட்டில் பொய்யாக இருமிவிட்டு வருகிறார்கள்.

சிலபேருக்கு அடங்கவில்லை. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்துகொண்டிருந்த மனிதருக்கு முகமெல்லாம் தடித்துவிட்டது. ஊசி ஒன்றும் தவறவிடவில்லை அவர். ஏன் அவருக்கு இல்லை, எனக்கு உண்டு? அந்த மரத்துக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.

1930 ஆகஸ்ட் 20, புதன்

"அடங்கியிருக்கு. போயிட்டுன்னு நான் சொல்லல்ல, அடங்கியிருக்கு" என்றார் டாக்டர். செசிலிக்கும் அதே வார்த்தை. வெளியே வந்ததும் செசிலி, "உறங்குத நாய எழுப்பாண்டாம்னு சொல்லுதாரு" என்றாள். வீடு வரும்வரை இரண்டு தடவை கையைச் சுருட்டிப் பார்த்துக்கொண்டேன்.

1931 மே 11, திங்கள்

செசிலியின் மகள் வேளாங்கண்ணிக்குக் கல்யாணம். போகலாமா கூடாதா என்று ஒரு வாரமாக வீட்டில் பேச்சு. நான் போனால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் செசிலியின் வியாதி மறுபடி ஞாபகம் வருமே என்று எனக்குப் பயம். "அவ கூப்பிட்டிருக்கா. நாம போவோம்" என்றார் அவர். ஜெபாவையும் மைனியையும் கூட்டிக்கொண்டு நாலு பேருமாகப் போனோம்.

கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பந்தலில் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றேன். செசிலி சமையல் கொட்டிலிலிருந்து வந்து, நல்ல கையைப் பார்த்துப் பிடிக்காமல் கைக்கு வந்த கையைப் பிடித்து இழுத்தாள். "ஆளு போதாம நிக்கேன், நீ தூணப் பிடிச்சிட்டு நிக்கியா? இன்னா, மீன்கறி விளம்பு." வாளியையும் அகப்பையையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு விரல் மடங்கிய கையில் வாளி. எல்லாருக்கும் தெரியும். தோப்பில் வட்டமாக நின்றவர்கள் பாதிப்பேர் இந்தப் பந்தியில்தான் இருக்கிறார்கள். முதல் இலையில் இருந்தது மாப்பிள்ளையின் சித்தப்பா, கிளீட்டஸ் என்று பேர். வாளியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நான் ஊற்றாமல் நின்றேன்.

"சோறு ஆறுது தங்கச்சி" என்றார். "அந்தத் தலைத்துண்டு எனக்கு. கொழம்பு கூட ஊத்து."

அடுத்த இலைக்காரர் இன்னும் கொஞ்சம் என்றார். அதற்கடுத்தவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் போய்ச் சேர நேரமாயிற்று. நாலு பந்தி. நிமிர நேரமில்லை. கடைசியில் நானும் செசிலியும் இலை போட்டபோது வாளியில் மீன்கறி இல்லை. வெறும் சோறும் மோரும்தான் சாப்பிட்டோம்.